ஈரலுக்கு எந்த ஸ்கேன்: அல்ட்ராசவுண்டா, சி.டி.யா?

கிண்ணியாவிலிருந்து மாமா வந்திருந்தார். குருதிப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி கூடியிருந்தது. “நேரே சி.டி. எடுத்துவிடுவோமே தம்பி, அதில் எல்லாம் தெரியுமாம்” என்றார். திருகோணமலையில் பலரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள்.

செலவு: அல்ட்ராசவுண்ட் மலிவு. சி.டி. அதைவிடப் பல மடங்கு.

பாதுகாப்பு: அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலியலை, கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். சி.டி.யில் எக்ஸ் கதிர் உண்டு. படம் தெளிவாகத் தெரிய நாளத்தில் ஏற்றும் அயடின் மருந்து சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிக்கலாகலாம் என்பதால், முதலில் குருதியில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் அளவு) பார்ப்பார்கள்.

ஆயத்தம்: அல்ட்ராசவுண்டுக்கு 6 முதல் 8 மணிநேரம் வெறும் வயிறு. மாமா விடியற்காலையில் பால் தேநீர் குடித்துவிட்டார். பித்தப்பை சுருங்கிச் சரியாகத் தெரியாமல்போக, மறுநாளும் அலைய நேர்ந்தது.

தெளிவு: இங்கேதான் உண்மையான வேறுபாடு. கொழுப்பு படிந்த ஈரல், அல்ட்ராசவுண்டில் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். மாமாவுக்கும் திரையில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இலேசான கொழுப்பு தப்பிவிடலாம். உடல் பருத்தவர்களிடம் படம் மங்கும். எடுப்பவரின் கைத்திறனும் முக்கியம். சி.டி.யோ கட்டிகளில் வல்லது. மருந்து ஏறியதும் ஈரல் புற்றுநோய் தமனிக் கட்டத்தில் (மருந்து தமனிகள் வழியே ஈரலை எட்டும் முதல் நொடிகளில்) ஒளிர்ந்து, பிறகு மங்குவதைப் படம்பிடித்துவிடும்.

முதல் சந்தேகம், கொழுப்பு ஈரல், பித்தக்கல் என்றால் அல்ட்ராசவுண்டே போதும். ஈரல் தழும்பேறிச் சுருங்கிய (சிரோசிஸ்) நோயாளிகள் 6 மாதத்துக்கு ஒருமுறை அதையே எடுக்க வேண்டும், தயவுசெய்து தவறவிடாதீர்கள். அதில் கட்டி தென்பட்டால், செலவைப் பார்த்துத் தயங்காமல் சி.டி.க்குப் போங்கள்.