கைட் சர்ஃபிங் கற்கப் போய் 1,180 சிங்கப்பூர் வெள்ளி போச்சு. நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கைட் சர்ஃபிங் என்றால் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு. அதைக் கற்றுத்தருகிறேன் என்று பணம் வாங்கியவன் என் எண்ணைத் தடுத்துவிட்டது அரை மணி நேரத்துக்கு முன்புதான் தெரிந்தது. 1,180 வெள்ளி. என் மனைவியிடம் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு செயலியில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "மூன்றே நாளில் கைட் சர்ஃபிங், முதல் நாள் ஈஸ்ட் கோஸ்ட் மணலில், மற்ற இரண்டு நாள் தேசாரு கடலில், பலகையில் நிற்க வைப்பது என் பொறுப்பு." ஈஸ்ட் கோஸ்ட் இங்கே சிங்கப்பூரில், தேசாரு பக்கத்து மலேசியாவில். படத்தில் நீலக் கடலும் ஆரஞ்சு நிறக் கைட்டும். மெசேஜ் போட்டதும் தமிழில் பதில் வந்தது. "அண்ணே, நம்ம ஆளா? அப்ப உங்களுக்கு ஸ்பெஷல் ரேட்."

அந்த "நம்ம ஆளா"வில்தான் விழுந்தேன். மறுநாள் சாயந்திரம் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடியில் சந்தித்தோம். என்னைக் காசு எடுக்கவே விடவில்லை, தே தாரிக் டீ அவன்தான் வாங்கிக் கொடுத்தான். தன் முழங்காலில் இருந்த பவளப்பாறைத் தழும்பைக் காட்டினான். என் பையன் எந்தப் பள்ளி என்று விசாரித்தான். வகுப்புக்கு 780. "சொந்தக் கைட் இருந்தா சீக்கிரம் வந்துடும்ணே" என்று 400 வெள்ளிக்குப் பழைய 9 சதுர மீட்டர் கைட் ஒன்றையும் தலையில் கட்டினான். போன் எண்ணை வைத்துப் பணம் அனுப்பும் பேநவ்வில் அவன் எண்ணைப் போட்டபோது திரையில் வந்தது வேறு பெயர். கேட்டேன். "அக்கா கணக்குண்ணே." சரி என்று அழுத்திவிட்டேன். ஒரு விநாடியில் 1,180 வெள்ளி போய்விட்டது. இது நடந்தது மார்ச் கடைசி வாரம்.

முதல் வகுப்பு ஏப்ரல் முதல் ஞாயிறு. ஐந்து பேருக்கு ஒரே ஒரு பயிற்சிக் கைட். இரண்டு மணி நேரத்தில் என் கைக்கு வந்தது பதினைந்து நிமிடம் இருக்கலாம். அதிலும் பாதி நேரம் அது மணலில் படுத்துக் கிடந்தது. காற்று இல்லை. கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: காற்று முதுகில் அடிக்க நின்று எதிரே ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கைட் உச்சியில் பன்னிரண்டில் நின்றால் சாந்தம், பக்கவாட்டில் மூன்றிலும் ஒன்பதிலும் லேசான இழுப்பு, நடுவில் தாழ இறங்கினால் ஆளையே தூக்கி எறியும். இதை அவன் நன்றாகவே விளக்கினான். அதனால்தான் ஆத்திரம் அதிகமாக வருகிறது, தொழில் தெரியாதவன் இல்லை.

அடுத்த வாரம்: "காத்து சரியில்லண்ணே." அதற்கடுத்த வாரம்: "தேசாருல இடி மின்னல்ணே." மூன்றாவது வாரம், "பாஸ்போர்ட் ரினியூ பண்றேன்ணே." பிறகு நீலக் கோடு இரண்டு விழும், பதில் வராது.

ஊரில், ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம் மீன்பிடிக்கும் என் மாமாவிடம் போனில் புலம்பினேன். சிரித்துவிட்டார். "வாடை போயி கச்சான் வராத மாசம்டா இது. சித்திரையில காத்துக்கு எங்க போவ?" வாடை என்றால் வடகிழக்குக் காற்று, கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. சிங்கப்பூருக்கும் அதே கதைதான். இங்கே நல்ல காற்று டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்து வரும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும். இடையில் ஏப்ரல், மே மாதங்களில் காற்று மந்தம், பிற்பகலில் இடிமழை. தொடக்கக்காரர்களுக்குக் குறைந்தது 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) காற்றாவது வேண்டும். தொழில் தெரிந்த அவனுக்கு இது தெரியாதா? வராத காற்றைத் தெரிந்தே எனக்கு விற்றான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரீஃபண்ட் பாலிசி இல்ல, கிரெடிட்தான், பணம் கட்டின நாள்லேர்ந்து 60 நாள் செல்லும்" என்றான். அறுபது நாள் என்றால் மே கடைசியோடு முடிந்துவிடும், காற்று ஜூனில் வரும்! அப்படியே நீட்டித்தாலும் தேசாரு கிழக்குப் பார்த்த கரை. தென்மேற்குக் காற்று அங்கே ஆளைக் கரையிலிருந்து நடுக்கடலுக்குத்தான் தள்ளும். கற்றுக்குட்டி இறங்கவே கூடாத காற்று அது.

இதைவிட மோசம் அந்த 400 வெள்ளிக் கைட். கடற்கரையில் அடிக்கடி பார்க்கும் ஒரு சீன அங்கிளிடம் காட்டினேன். காற்றடித்துக் கொடுத்தார், கால் மணி நேரத்தில் முன்விளிம்பு தொளதொளவென்று ஆகிவிட்டது. உள்ளே டியூபில் ஓட்டை. அது போகட்டும். ஆபத்தில் ஒரே தள்ளில் கைட்டின் சக்தியை அறுத்துவிடும் அவசரப் பிடி ஒன்று உண்டு. உப்பும் மணலும் இறுகி அது அசையவே இல்லை. அங்கிள் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பிள்ளைகளின் அப்பன் நான்.

சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம் என்கிறார்கள். போடுவேன். ஆனால் யார் மேல்? என்னிடம் இருப்பது ஒரு போன் எண்ணும், யாரோ அக்காவின் பெயரும். பதிவு பெற்ற நிறுவனமா என்று நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் ஓசியில் தேடியிருக்கலாம். 1,180 வெள்ளி கொடுத்த பிறகுதான் தேடினேன்.

எப்படிப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: மூன்று நாளில் நிற்க வைப்பேன் என்பவனை நம்பாதீர்கள். நல்ல காற்றிலேயே ஒன்பது, பத்து மணி நேரம் பழகினால்தான் சில மீட்டர் ஓடலாம், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர இன்னும் நாளாகும். அதுவரை கைட்டைச் சுமந்துகொண்டு கரையில் நடைதான். ஐகேஓ என்ற சர்வதேசக் கைட் அமைப்பு தரும் பயிற்சியாளர் அட்டை கேளுங்கள். கற்று முடிக்கும்வரை கைட் வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். எந்த மாதம் என்று பாருங்கள், மாதம்!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறான். அதே ஆரஞ்சுக் கைட். "மே மாதச் சிறப்பு வகுப்பு, இன்னும் 2 இடம்தான்." 100 வெள்ளி தள்ளுபடியாம்.