வன்னி வீட்டில் பழைய அம்பிளிபயரும் கசெற் டெக்கும்: நெடுநாள் பாவனைக் குறிப்பு

எண்பதுகளில் வந்த ஜப்பான் அம்ப், டெக் சோடிக்கு வன்னியில் முதல் எதிரி தூசி. சோளகக் காற்று தொடங்கினால் செம்மண் புழுதி வொலியூம் கொன்ரோலுக்குள் போய்க் கரகரக்கும். மின் தொடுகைகளைத் துப்புரவாக்கும் கொன்ராக்ட் கிளீனரைச் சிறிது விசிறிக் குமிழை இருபது முப்பது தரம் திருப்பினால் நிற்கும். துரு இளக்கும் எண்ணெய் அடிக்க வேண்டாம், அது இன்னும் தூசியைப் பிடிக்கும்.

ஜப்பானுக்குள் விற்கச் செய்த செற் என்றால் 100 வோல்ற். பின்பக்க எழுத்தைப் பார்க்காமல் எங்கள் 230 இல் செருகினால் ட்ரான்ஸ்போமர் கருகும். நெடுநாள் சும்மா கிடந்ததை 60 வாற் இழை பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டே ஏற்றுங்கள். பல்ப் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷோட்.

டெக் சுற்றாவிட்டால் பெரும்பாலும் பெல்ற்தான். உருகித் தாராகக் கப்பியில் ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, கப்பி வழியே நூல் ஓட்டிச் சுற்றளவு எடுத்து, அதைவிட 5 வீதம் சிறியது போடுங்கள்.

ஒலித்தரத்துக்காக இதை வைத்திருக்கச் சொல்ல மாட்டோம். அந்தக் காலத்து ஒலி என்று உருகுபவர்கள் உருகட்டும். கைபேசியில் வரும் பாட்டு இதைவிடச் சுத்தம். எதிர்பாராத பயன் வேறு இடத்தில் இருக்கிறது: இடம்பெயர்வுகளில் தப்பி வந்த வீட்டுக் கசெற்றுகள். கலியாணவீட்டுப் பதிவு, திருவிழா நாதஸ்வரம், வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பேசி அனுப்பிய 'கடிதம்'. இவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு ஒழுங்கான டெக் வேண்டும்.

பூஞ்சணம் தெரிந்தால் போடாதீர்கள். நாடாவை வாசிக்கும் ஹெட் வழியே மற்ற நாடாக்களுக்கும் ஏறும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் துண்டு கழன்றிருந்தால் ஒலி மங்கும், வேறொரு பழைய கசெற்றிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஒவ்வொரு நாடாவும் ஒவ்வொரு மெசினில் பதிந்தது. ஆகவே ஓடவிட்டபடி ஹெட்டின் பக்கத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 'ச', 'ஸ' துலங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இதைப் பிறகு கணினியில் திருத்துவது பெரும்பாடு.

வேகம் அப்படியல்ல. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பற்றறி கொண்டுவரத் தடையிருந்த காலத்தில் சைக்கிள் தைனமோவிலோ இறங்கின பற்றறியிலோ பதிந்தவை நல்ல டெக்கில் கீச்சுக்குரலில் ஓடும். பதியும்போது மோட்டர் மெதுவாகச் சுற்றியதுதான் காரணம். டெக் மோட்டரின் வேகத் திருகாணியில் கை வைக்காதீர்கள். அப்படியே லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு எடுத்து, ஓடாசிற்றி (Audacity) மென்பொருளில் வேகத்தைக் குறையுங்கள். பேசியவரின் குரல் பழகிய யாரையாவது பக்கத்தில் இருத்திக்கொண்டால் சரியான வேகம் கெதியில் பிடிபடும்.