டிரைவரா, சிப்பிங்கா? வாரத்தில் இரண்டு மணி நேரம் எதற்கு

கோல்ஃப் பயிற்சிக்கு எனக்குக் கிடைப்பது ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம். ஹேண்டிகேப் 22, அதாவது சுமாரான ஆட்டக்காரன். மூன்று வருடம் அந்த நேரம் முழுக்க டிரைவிங் ரேஞ்சில், டிரைவர் என்ற நீள மட்டையால் தூரமாக அடித்துப் பழகுவதில்தான் போனது. போன வருடம் மாற்றிக்கொண்டேன். இப்போது முக்கால் பங்கு சிப்பிங்குக்கு: குழி இருக்கும் கிரீன் என்ற புல்தளத்தின் ஓரத்திலிருந்து பந்தைச் சின்னதாகத் தூக்கி உருளவிடுவது. என்னைக் கேட்டால், என் ஓட்டு இதற்குத்தான்.

டிரைவர் பக்கமும் நியாயம் உண்டு. பந்து எல்லை தாண்டினால் ஒரு அடி அபராதம், மறுபடி முதல் அடி அடித்த அதே டீ; அங்கே அடிப்பது மூன்றாவது அடியாகிவிடும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது: நல்ல ஆட்டக்காரரையும் சுமாரானவரையும் பிரிக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில் வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிகள் எங்கே போகின்றன என்பது ஒன்று, வாரம் இரண்டு மணி நேரத்தில் எதை மீட்க முடியும் என்பது வேறு.

எனக்கு முடிவைத் தந்தது, பழகியது கையில் தங்குகிறதா என்ற கேள்விதான். வேலை நெருக்கடியில் இரண்டு ஞாயிறு விட்டுப்போனால், டிரைவரில் பந்து மறுபடி வலப்பக்கம் வளையத் தொடங்கிவிடும். இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒரே நொடியில் சேர வேண்டிய வேலை அது. அதைத் திரும்பப் பிடிக்கவே ஒரு ஞாயிறு போய்விடும். சிப்பிங்கில் அசைவு சின்னது. பத்துப் பந்து போட்டாலே கைக்கு வந்துவிடுகிறது.

இந்தச் சிப்பிங் முறையைக் காட்டித் தந்தது, மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன் ஒருவர். சென்னையில் பெர்முடா புல். அது சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையை இறக்கினால் முனை மண்ணில் குத்திப் பந்து அங்கேயே கிடக்கும். அவர் எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுத்துக் கொடுத்து, "சார், இதைப் பட்டர் மாதிரி ஆட்டுங்க, போதும்" என்றார். பட்டர் என்றால் கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை. பந்து பின்காலுக்கு நேராக, எடை முன்காலில், மணிக்கட்டு மடங்கக் கூடாது. இதில் ஒரு பங்கு பறந்தால் ஏறக்குறைய நாலு பங்கு உருளும்; பிட்சிங் வெட்ஜில் ஒன்றுக்கு இரண்டு. கிரீன் வேகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். பயிற்சியில் கிரீனுக்குள் ஒரு எட்டு தள்ளித் துண்டை விரித்துவிட்டு, பந்தை அதன் மேல் விழவைக்கிறேன். குழியைப் பார்ப்பதே இல்லை.

பட்டிங், அதாவது பட்டரால் குழிக்குள் உருட்டுவது? 18 ஹோலுக்கு நிர்ணயித்த பார் 72 அடி என்ற கணக்கிலேயே 36 பட் அடங்கியிருக்கிறது, அதனால் தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்று அடி தூரத்திலிருந்து பட் அடிப்பதை வீட்டுத் தரைவிரிப்பிலேயே பழகலாம். மணல் பள்ளமான பங்கரில் நான் நின்று பழகியது குறைவு. மேலே சொன்னதெல்லாம் மணலுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஒருவருக்கு மட்டும் என் யோசனை வேறு. ஒரு ரவுண்டில் மூன்று நாலு பந்து தொலைக்கிறீர்கள் என்றால் முதலில் டீ ஷாட்டைச் சரிசெய்யுங்கள். அதற்கும் டிரைவர்தான் வேண்டும் என்றில்லை. ஒடுக்கமான ஹோல்களில் நான் டிரைவரைவிடக் குட்டையான ஹைப்ரிட் மட்டை எடுக்கிறேன். முப்பது கெஜம் குறையும், சரி. அடுத்த அடிக்குப் பந்து புல்லில் இருக்கும்.