பளபளக்குற 1931-எஸ்ஸா, பழுப்பேறின 1931-எஸ்ஸா?

என்கிட்ட 1931-எஸ் லிங்கன் பென்னி, அதாவது லிங்கன் முகம் போட்ட அமெரிக்க ஒரு சென்ட் காசு, ரெண்டு இருக்கு. இந்த வாரம் லென்ஸை எடுத்து வச்சுக்கிட்டு என் கலெக்‌ஷன்ல ஒவ்வொண்ணுக்கும் கிரேடு (எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்த்து 70க்குப் போடுற மார்க்கு) குறிச்சிட்டே வந்தேன், இந்த ரெண்டுல எது ஆல்பத்துக்குன்னு முடிவு பண்ணவே ரெண்டு நாள் ஆயிடுச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ மின்ட்ல (காசு அடிக்கிற இடம், எஸ்னா அதுதான்) அந்த வருஷம் மொத்தமே 8,66,000 தான் அடிச்சாங்க, ஆனா அப்பவே நிறைய பேர் எடுத்து பத்திரப்படுத்திட்டதால இன்னைக்கும் நல்ல கண்டிஷன்ல கிடைக்குது.

முதல் காசு பார்த்தவுடனே கண்ணைப் பறிக்கும். பின்பக்கம் ரெண்டு கோதுமைக் கதிர்லயும் கோடு முழுசா இருக்கு, லிங்கனோட கன்ன எலும்புலயும் தாடையிலயும் லேசாத்தான் தேய்மானம். இதை மட்டும் வச்சு சொன்னா ஏயூ-50, அதாவது கிட்டத்தட்ட புழங்காத காசு. ஆனா லைட்டுக்கு அடியில சாய்ச்சு திருப்பினா ஒரே திசையில மயிரிழை மாதிரி கீறல் ஓடுது, நிறமும் புளி போட்டு தேய்ச்ச செம்புச் சொம்பு மாதிரி ஒரு வெளிறின சிவப்பு. தேய்க்காத நல்ல காசுல வெளிச்சம் சக்கரமா சுத்தி வரும், இதுல அசையாம அப்படியே நிக்குது. காசுக்கு கிரேடு போட்டுத் தர்ற கம்பெனிகளான பிசிஜிஎஸ்ஸுக்கோ என்ஜிசிக்கோ அனுப்பினா நம்பர் தரமாட்டாங்க, ஏயூ டீடெய்ல்ஸ், க்ளீன்ட்னுதான் (யாரோ தேய்ச்சு சுத்தம் பண்ணினதுன்னு அர்த்தம்) போட்டு வரும்.

ரெண்டாவது காசு விஎஃப்-20 தேறும், அதாவது ஓரளவு தேய்ஞ்சாலும் முக்கிய விவரம் தெரியுற காசு. கன்னம் தட்டையாயிடுச்சு, காதுக்கு மேல முடி ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு, ஆனா கதிர்க் கோடு எண்ணிடலாம், விளிம்பு முதல் நடு வரைக்கும் ஒரே சீரான பழுப்பு. 90 வருஷத்துக்கு மேல கைபட்டு காத்துபட்டு தானா வந்த நிறம் இது, தேய்ச்சு எடுத்துட்டா திரும்ப வராது. நான் இதைத்தான் ஆல்பத்துல வச்சேன். கிரேடுல முப்பது புள்ளி கம்மியா இருந்தாலும் எனக்கு இதுதான் மேல.

1914-டி பென்னி கதை வேற. டென்வர் மின்ட்ல (டின்னா அதுதான்) சுமார் 11,93,000 அடிச்சது, நல்லா புழங்கி தேய்ஞ்சதுதான் அதிகம், நல்ல கிரேடுக்கு விலை எங்கேயோ போயிடும். என்னோடது வெறும் விஜி-8, விஎஃப்புக்கும் கீழ, கதிர்க் கோடு பாதிதான் தெரியுது. ஒரு காயின் ஷோவுல விஎஃப்னு சொல்லி ஒண்ணை காட்டினாங்க, ஆசையா இருந்துச்சு, ஆனா தோள்பட்டைக்கு கீழ வி.டி.பி.ன்னு (காசை வடிவமைச்சவரோட இனிஷியல்) குட்டியா எழுத்து இருந்துச்சு! அந்த எழுத்து அந்த இடத்துக்கு வந்ததே 1918லதான், அப்புறம் 1914 காசுல எப்படி இருக்கும்? 1944-டி காசுல முதல் 4ஐ சுரண்டி 1 ஆக்கியிருக்காங்க, 9க்கும் 1க்கும் நடுவுல இடைவெளியும் கூடுதலா இருந்துச்சு. என் விஜி-8 தேய்ஞ்சது ஆனா நிஜம், அதோட போட்டி போட அந்த விஎஃப்புக்கு தகுதியே இல்ல.

1943 ஸ்டீல் பென்னியிலயும் ரெண்டு வச்சிருந்தேன், ஒண்ணு கண்ணாடி மாதிரி மின்னுது, இன்னொண்ணு மங்கின சாம்பல். மின்னுறது பின்னாடி புதுசா ஜிங்க் பூசினது, எழுத்து ஓரமெல்லாம் மழுங்கி இருக்கு பாருங்க, அதனால சாம்பல்தான் ஆல்பத்துக்கு போச்சு.