செஃபா, லஸ்டரா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பழைய திருவிழா ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவைக்கும் நண்பர்கள் கேட்டார்கள்: இப்போது 10 டெராபைட், பின்னால் பல மடங்கு ஆகும். பல கணினிகளின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்கள் செஃப் (Ceph), லஸ்டர் (Lustre). இரண்டில் எதில் தொடங்குவது?

செலவு: செஃப் வழக்கமாக 3 பிரதி வைக்கும், 10-க்கு 30 டெராபைட் வாங்க வேண்டும். லஸ்டருக்கு அடியில் ரெய்டு (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) போட்டால் போதும், டிஸ்க் மிச்சம்.

வளர்ச்சி: இங்கேதான் செஃப் எனக்குப் பிடிக்கிறது. புது டிஸ்க்கைச் சேர்த்தால் பழைய தரவையும் தானே பரப்பிக்கொள்ளும். லஸ்டரில் பழைய கோப்புகள் இருந்த இடத்திலேயே கிடக்கும். நாம்தான் நகர்த்த வேண்டும்.

மின்சாரம்: லோட்ஷெடிங் பார்த்த ஊர் நம்முடையது. செஃபில் மானிட்டர் என்பது திரையல்ல, மொத்த அமைப்பின் நிலையைக் கண்காணிக்கும் நிரல்; அது ஓடும் 3 கணினிகளில் 2 அணைந்தால் செஃப் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி யூபிஎஸ் வையுங்கள்.

வேகம்: லஸ்டர்தான். கேப் டவுனின் லெங்காவ் சூப்பர் கம்ப்யூட்டரிலும் அதுவே.

சரி, பதிவுகளைக் காக்கச் செஃப். நூறு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதும் ஆய்வுக்கூடத்துக்கு லஸ்டர்.