ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு ராஸ்பெர்ரி பை எஸ்எஸ்டி கிட்: வாங்கலாமா?

ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு விளக்குகள், சென்சார்களை இயக்கும் சாஃப்ட்வேர்) ஓட்டுபவர்கள் எஸ்டி கார்டிலிருந்து வெளியேறப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் தலைவலி குறைந்தது ராஸ்பெர்ரி பை நிறுவனமே விற்கும் எஸ்எஸ்டி கிட். 2024 அக்டோபரில் வெளிவந்தது. பையின் மேல் உட்காரும் எம்.2 ஹாட் ப்ளஸ் போர்டும், 2230 அளவில் (22 மிமீ அகலம், 30 மிமீ நீளம்) ஒரு என்விஎம்இ ட்ரைவும் (வேகமான சிறிய எஸ்எஸ்டி) ஒரே பெட்டியில் வரும். அறிமுக விலை 256 ஜிபிக்கு 40 டாலர், 512 ஜிபிக்கு 55 டாலர். இங்கே வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்துதான் கைக்கு வரும். ஃப்ளாஷ் மெமரி விலையும் நிலையாக இருப்பதில்லை. அதனால் வாங்கும் அன்றைய விலையைப் பார்த்து முடிவெடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு மட்டும் என்றால் 256 ஜிபியே தாராளம்.

முதலில் எஸ்டி கார்டு ஏன் படுத்துகிறது என்று பார்ப்போம். ஹோம் அசிஸ்டன்ட்டின் ரெக்கார்டர், சென்சார்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் எழுதுகிறது. இயல்பான அமைப்பில் 5 விநாடிக்கு ஒரு முறை எழுதும். 10 நாள் விவரத்தை வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும். அதாவது இரவும் பகலும் நிற்காமல் சின்னச் சின்னதாக எழுதும் வேலை. ஃப்ளாஷ் மெமரியில் சில பைட்டுகளை மாற்ற வேண்டுமானாலும், அவை இருக்கும் பெரிய பிளாக்கை வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். எஸ்எஸ்டி கன்ட்ரோலர் இந்தத் தேய்மானத்தை ட்ரைவ் முழுவதும் பரப்பிவிடும். எஸ்டி கார்டின் கன்ட்ரோலருக்கு அவ்வளவு திராணி கிடையாது. கேமராவில் பெரிய ஃபைல்களை வரிசையாக எழுதத்தான் அது பிறந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசம். டேட்டாபேஸ் கெட்டுவிட்டால் ஹோம் அசிஸ்டன்ட் அந்த ஃபைலின் பெயரோடு 'கரப்ட்' என்று ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதிய காலி ஃபைலைத் தொடங்கும். விளக்குகள் எரியும், ஆட்டோமேஷன் ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். எனர்ஜி டாஷ்போர்டைத் திறந்தால்தான் போன வருஷத்து யூனிட் கணக்கு முழுக்கக் காணாமல் போனது தெரியும். காரணம் இல்லாமல் ஹிஸ்டரி வெறுமையாகிவிட்டால், கான்ஃபிக் ஃபோல்டரில் அப்படி ஒரு ஃபைல் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் கார்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வேகத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விநாடிக்கு இத்தனை எம்பி கணக்கை நம்பி வாங்க வேண்டாம். இங்கே பார்க்க வேண்டியது, சிறு துண்டுகளை விநாடிக்கு எத்தனை முறை படிக்கவும் எழுதவும் முடியும் என்பது. ஏ2 என்று முத்திரை குத்திய எஸ்டி கார்டு விநாடிக்குக் குறைந்தது 4,000 ரேண்டம் ரீட் (அங்கங்கே சிதறிய சிறு துண்டுகளைப் படிப்பது), 2,000 ரேண்டம் ரைட் (அப்படியே எழுதுவது) தர வேண்டும் என்பது விதி. கிட்டில் வரும் 256 ஜிபி ட்ரைவுக்கு நிறுவனம் சொல்வது 40,000 ரீட், 70,000 ரைட். அன்றாட உபயோகத்தில் இந்த வித்தியாசம் மூன்று இடங்களில் தெரியும்: ரீஸ்டார்ட், ஹிஸ்டரி கிராஃப் திறப்பது, அப்டேட் மற்றும் பேக்கப். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியும் வேகம் மாறாது. அது மெமரியிலும் ஜிக்பீ (விளக்குகளும் சென்சார்களும் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் முறை) அலைவரிசையிலும் நடக்கும் வேலை, டிஸ்க்குக்கு அதில் பங்கில்லை.

ட்ரைவ் சேரும் பை 5ன் பிசிஐஇ இணைப்பு ஜென் 2 (இரண்டாம் தலைமுறை வேகம்), ஒரே லேன். ஜென் 3க்கு உயர்த்த கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த வேகத்துக்குப் பை 5 அதிகாரப்பூர்வமாகச் சான்று பெறவில்லை. ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. போர்டைப் பையோடு இணைக்கும் ரிப்பன் கேபிள் லேசாகப் பிசகினாலும் பிழை வர இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஜென் 2லேயே விட்டுவிடுங்கள்.

பொருத்துவது பத்து நிமிஷ வேலை. ஆனால் வரிசை முக்கியம். ஆக்டிவ் கூலர் (ஃபேன் வைத்த குளிர்விப்பான்) வைத்திருந்தால் அதை முதலில் மாட்ட வேண்டும். ஹாட் போர்டு மேலே உட்கார்ந்த பிறகு முடியாது. அடுத்து ஸ்பேசர்களும், பையின் பின்களை மேலே நீட்டும் 16 மிமீ ஸ்டாக்கிங் ஹெடரும். பிறகு ரிப்பன். பை 5ன் பிசிஐஇ சாக்கெட்டில் இருக்கும் க்ளிப்பை இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கி, ரிப்பனின் செம்புப் பக்கம் யூஎஸ்பி போர்ட்டுகளைப் பார்க்கும்படி நேராக இறக்கி, க்ளிப்பை இரண்டு பக்கமும் அழுத்துங்கள். 'ட்ரைவ் தெரியவே இல்லை' என்று வரும் புகார்களுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். ஒரு முனை அரை மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் ட்ரைவ் காட்டாது, அல்லது காட்டிவிட்டு நடுவில் மறையும். சாக்கெட் விளிம்புக்கு ரிப்பன் இணையாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ரைவைச் சற்றுச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, ஒரே ஸ்க்ரூவால் பிடித்துவிடலாம்.

சாஃப்ட்வேர் பக்கம், எஸ்டி கார்டைக் கழற்றுவதற்கு முன்பே முழு பேக்கப் எடுத்து லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி வெளியீட்டுக்குப் பிறகு தானியங்கி பேக்கப்கள் என்க்ரிப்ட் ஆகின்றன. அதற்கான சாவியை எமர்ஜென்சி கிட் என்ற பெயரில் தனியாக இறக்கச் சொல்வார்கள். அந்தச் சாவி இல்லாமல் பேக்கப் ஃபைல் மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதை ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் அதே டிஸ்க்கில் வைத்துப் பயனில்லை. ஃபோனிலோ, பிரிண்ட் எடுத்தோ வையுங்கள்.

ட்ரைவில் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸை எழுத இரண்டு வழிகள். என்விஎம்இ டு யூஎஸ்பி என்க்ளோஷர் (ட்ரைவை யூஎஸ்பியில் மாட்ட உதவும் உறை) இருந்தால் லேப்டாப்பில் மாட்டி, ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற சாஃப்ட்வேரால் எழுதிவிடலாம். இல்லையென்றால் வேறொரு எஸ்டி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸைப் போட்டுப் பையை பூட் செய்து, பூட்லோடரை (பையைத் தொடங்கிவைக்கும் சிறு புரோகிராம்) புதுப்பித்து, பையிலேயே இமேஜரைத் திறந்து என்விஎம்இக்கு எழுதலாம். இரண்டாவது வழியில் பூட்லோடர் வேலையும் சேர்ந்து முடிந்துவிடுவதால் அதையே பரிந்துரைக்கிறோம். ஹாட் ப்ளஸ் போர்டைத் தானாக அடையாளம் காண 2023 டிசம்பர் 6 அல்லது அதற்குப் பிந்தைய பூட்லோடர் ஃபர்ம்வேர் தேவை. எழுதும்போது பை 5க்கான இமேஜையே தேர்ந்தெடுங்கள். பை 4 இமேஜ் இதில் பூட் ஆகாது.

பூட் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த டிஸ்க்கில் முதலில் தேடுவது என்பதைச் சொல்லும் பூட்லோடர் எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 1 என்றால் எஸ்டி, 4 என்றால் யூஎஸ்பி, 6 என்றால் என்விஎம்இ. பை 5 இயல்பாகவே முதலில் எஸ்டி, அடுத்து என்விஎம்இ, பிறகு யூஎஸ்பி என்று தேடும். ஆகவே எஸ்டி கார்டைக் கழற்றிவிட்டாலே போதும். பழைய ஹோம் அசிஸ்டன்ட் கார்டை உள்ளேயே விட்டுவிட்டு வரிசையை மட்டும் மாற்றுவது ஆபத்து. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பெயரில் பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) இருக்கும். சிஸ்டம் ஒன்றிலிருந்து பூட் ஆகி, டேட்டாவை மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எல்லாம் ஓடும். கார்டைக் கழற்றும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

முதல் பூட்டுக்குப் பிறகு, பிரவுசரில் பையின் முகவரியைத் திறந்தால் 8123 போர்ட்டில் வரவேற்புத் திரை வரும். அங்கே புதிதாகக் கணக்கு உருவாக்காமல், பேக்கப்பிலிருந்து மீட்கும் வழியைத் தேர்ந்தெடுத்து ஃபைலை ஏற்றுங்கள். அதே பை, அதே நெட்வொர்க் கேபிள் என்பதால் ரவுட்டரில் ஒதுக்கி வைத்த ஐபி முகவரி மாறாது. ஜிக்பீ ஸ்டிக்கையும் திரும்ப மாட்டினால் சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டிய அவசியமில்லை.

இனி பவர். பலர் சறுக்குவது இங்கேதான். பை 5க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 27 வாட் அடாப்டர் வேண்டும். '65 வாட் ஃபோன் சார்ஜர் இருக்கிறதே' என்பது வழக்கமான வாதம். அந்த 65 வாட் 20 வோல்ட்டில் வருவது. 5 வோல்ட்டில் அவை பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அப்போது பை 5 தன் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். சரியான அடாப்டரில் அதுவே 1.6 ஆம்பியர். ஹோம் அசிஸ்டன்ட்டில் ராஸ்பெர்ரி பை பவர் சப்ளை செக்கர் என்ற இன்டிகிரேஷன் இருக்கிறது. வோல்டேஜ் சரிந்தால் சொல்லிவிடும். போட்டு வையுங்கள்.

எஸ்எஸ்டி வந்துவிட்டது, இனி கரண்ட் போனாலும் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். இந்த வகைச் சிறிய ட்ரைவ்களில், கரண்ட் போன நொடியில் மிச்சம் எழுத வேண்டியதை முடித்துக்கொடுக்கும் கெபாசிட்டர்கள் பொதுவாக இருப்பதில்லை. தேய்மானப் பிரச்சினை தீர்கிறது. திடீர் நிறுத்தப் பிரச்சினை குறைகிறது, அவ்வளவே. வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் யூபிஎஸ் பக்கம் வையுங்கள். ஈகோ நிலையில் பேட்டரிக்கு மாறத் தாமதமாகும். அந்த இடைவெளியில் பை ரீஸ்டார்ட் ஆகக்கூடும்.

எஸ்எஸ்டி இருக்கிறதே என்று ரெக்கார்டரைக் கட்டவிழ்த்துவிடுவதும் வேண்டாத வேலை. விநாடிக்கு ஒரு முறை வாட்ஸ் அனுப்பும் எனர்ஜி மீட்டர், வைஃபை சிக்னல் அளவு, அப்டைம் ஆகிய மூன்றையும் விலக்கினாலே டேட்டாபேஸ் கணிசமாக இளைக்கும். எனர்ஜி கணக்குக்குத் தேவை கிலோவாட்-மணி சென்சார்தான், அதைக் கைவைக்காதீர்கள். மணிக்கணக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தனியாக நிரந்தரமாகச் சேமிக்கப்படுவதால், 10 நாள் வரம்பை ஏற்றவும் தேவையில்லை. விலக்கிய பிறகு ரீபேக் (ஃபைலை மீண்டும் அடுக்குவது) தேர்வோடு பர்ஜ் (பழையதை அழிப்பது) செய்தால்தான் ஃபைல் சுருங்கும். அதற்கு டேட்டாபேஸ் அளவுக்கு இணையான காலி இடம் வேண்டும்.

கிட்டின் பெரிய குறை, ஒரே ஒரு எம்.2 ஸ்லாட். ஹெய்லோ ஏஐ சிப்பையும் சேர்த்துக் கேமராவில் ஆள் அடையாளம் காண நினைத்தால், இரண்டும் ஒரே ஹாட் ப்ளஸ்ஸில் உட்காராது. கேமரா பதிவை இந்த ட்ரைவில் சேமிக்கவும் சொல்ல மாட்டோம். 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்) ஓடும் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எழுதும். இரண்டு கேமரா போட்டால் 256 ஜிபி மூன்று நாளுக்குக்கூடத் தாங்காது. இன்னொரு குறை, பிறகு பெரிய ட்ரைவ் மாட்ட நினைத்தால் வரும்: ஹாட் ப்ளஸ் 2230, 2242 நீளங்களை மட்டுமே ஏற்கும். லேப்டாப்பிலிருந்து கழற்றிய 2280 ட்ரைவ் இதில் பொருந்தாது.

பை 4 வைத்திருப்பவர்களுக்கு இந்த கிட் கிடையாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியும் யூஎஸ்பி 3 அடாப்டர் கேபிளும்தான் வழி. ட்ரைவைத் தேர்வது எளிது. க்ரூஷியல் பிஎக்ஸ்500 240 ஜிபிக்கு எழுதும் ஆயுள் 80 டிபி (டெராபைட்), சாம்சங் 870 ஈவோ 250 ஜிபிக்கு 150 டிபி. நாளுக்கு 10 ஜிபி எழுதினாலும் 80 டிபி தீர 20 வருஷத்துக்கு மேல் ஆகும். தகராறு செய்வது கேபிளில் இருக்கும் சிப். யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் வழி) முறையில் சில சிப்கள் திணறி, டிஸ்க் நடுவில் அறுந்து போகும். கேபிளை மாற்றுங்கள், முடியாவிட்டால் பூட் பார்ட்டிஷனின் கமாண்ட்லைன் ஃபைலில் அந்தச் சிப்புக்கு யூஏஎஸ்ஸை நிறுத்தலாம். அந்த ஃபைல் முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும், என்டர் தட்டிவிடாதீர்கள்.

யூஎஸ்பி 3 கேபிள், ஜிக்பீ ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். இன்டெல் 2012லேயே இதை விரிவாக எழுதி வெளியிட்டது. ஜிக்பீ ஸ்டிக் பக்கத்திலேயே இருந்தால் தூரத்து அறை சென்சார்கள் ஒவ்வொன்றாக விழும். ஸ்டிக்கை யூஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு மீட்டருக்குக் குறையாத எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி விலக்கி வையுங்கள். என்விஎம்இ கிட்டில் அந்த யூஎஸ்பி 3 கேபிளே இல்லை என்பது ஜிக்பீக்காரர்களுக்கு நல்ல ஆதாயம். இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் கேபிளை விட்டுவிடாதீர்கள்.

இன்னும் எதுவும் வாங்கவில்லை என்றால் ஹோம் அசிஸ்டன்ட் க்ரீனையும் கணக்கில் எடுங்கள். 4 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த ஸ்டோரேஜ்), எல்லாம் போட்டு முடித்த பெட்டி. விளக்கு, மின்விசிறி, சில சென்சார்கள் என்ற அளவில் அதுவே போதும். இஎம்எம்சி போதாமல் போனால், யூஎஸ்பியில் டிஸ்க் மாட்டி செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டேட்டாவை மட்டும் நகர்த்தலாம். புது டிஸ்க் உள்ளே இருப்பதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பை 5 ஏற்கனவே கையில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை, கிட்டே சரி.

மாறிய பிறகு பழைய எஸ்டி கார்டை உடனே அழித்துவிடாதீர்கள். தேதி எழுதி இரண்டு வாரம் எடுத்து வையுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் என்விஎம்இ ரிப்பனைக் கழற்றிவிட்டு, அந்தக் கார்டிலிருந்து பூட் செய்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட்டைப் போட்டு வையுங்கள். பூட்லோடரைப் புதுப்பிக்கவும், ட்ரைவ் தெரியாமல் போகும் நாளில் சோதிக்கவும் அதுதான் கைகொடுக்கும்.