சொந்தமாக அமைத்த டாரோ ஸ்ப்ரெட்கள்: நீண்ட நாள் புழக்கத்தில் நின்றவையும் கழிந்தவையும்

டாரோ என்பது படக் கார்டுகளை எடுத்துக் கேள்விக்குப் பதில் வாசிக்கும் முறை. எந்தக் கார்டு எந்த இடத்தில், எதைச் சொல்ல வைக்கப்படுகிறது என்ற அமைப்புதான் ஸ்ப்ரெட். எந்தக் கேள்வி வந்தாலும் கெல்டிக் கிராஸ் என்ற பத்துக் கார்டு ஸ்ப்ரெட்டை விரிப்பவர்கள் பலர். 1909-ல் லண்டனில் ரைடர் என்ற 78 கார்டு டாரோ கட்டை வெளிக்கொண்டுவந்த ஏ.ஈ. வெயிட் பரப்பிய முறை அது. "பொதுவாக என் நிலைமை எப்படி?" என்ற கேள்விக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. கேள்வி குறிப்பாக வரும்போதுதான் இரண்டு இடத்தில் இடறும். இரண்டாவது கார்டு குறுக்கே கிடப்பதால் அது நேரா, தலைகீழா என்று தெரியாது. ஒன்பதாவது இடம் "நம்பிக்கைகளும் அச்சங்களும்". அங்கே விழுந்த கார்டு இரண்டில் எதைச் சொல்கிறது என்பதை வாசிப்பவர் தன் வசதிக்குத் தீர்மானித்துக்கொள்வார்.

சொந்த ஸ்ப்ரெட்டில் இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒற்றைச் சொல் வைக்காமல் முழுக் கேள்வி எழுதுவது. "தடை" என்று எழுதினால் போதாது, "இதில் நான் கவனிக்காமல் விட்டது எது?" என்று எழுத வேண்டும். எழுதியபின், கட்டைக் கலைக்காமலே மூன்று கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: டவர், சன், பேஜ் ஆஃப் கப்ஸ். ஒரு கெட்டது, ஒரு நல்லது, ஒரு ஆள். மூன்றையும் ஒவ்வோர் இடத்திலும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு வாக்கியம் வருகிறதா என்று பாருங்கள். "பிரச்சினைக்குக் காரணம்" என்ற இடத்தில் சன் வந்தால் வாய் அடைத்துப்போகும். அதையே "இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது?" என்று மாற்றினால், எல்லாம் நன்றாகப் போகிறது என்ற மிதப்பு என்று சன் தானே பேசும். இந்தச் சோதனையில் தேறாத இடம் புழக்கத்திலும் தேறுவதில்லை.

அதிகம் கைகொடுத்தது "இதுவா, அதுவா" கேள்விக்கான ஏழு கார்டு அமைப்பு. வேலையை விடலாமா, இருக்கலாமா என்பது போன்றவற்றுக்கு. நடுவில் ஒன்று: இப்போது என்னை இழுத்துப் பிடித்திருப்பது எது? இடமும் வலமும் மும்மூன்று: இந்த வழி தருவது, இந்த வழி எடுத்துக்கொள்வது, இந்த வழி என்னிடம் கேட்பது. வழக்கமான ஐந்து கார்டு அமைப்பில் ஒவ்வொரு வழிக்கும் "முடிவு" என்று ஓர் இடம் இருக்கும். அழகான படம் விழுந்த பக்கம் ஜெயித்துவிடும். விலை என்னவென்று யாரும் பார்ப்பதில்லை. வாசிக்கும்போது ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், வரிசை வரிசையாக ஒப்பிட வேண்டும்: தருவதோடு தருவது, எடுப்பதோடு எடுப்பது. இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் ஸ்வோர்ட்ஸ் (சிரமத்தைச் சொல்லும் வாள் இனக் கார்டு) விழுந்தால், அந்தச் சிரமம் எந்த வழியில் போனாலும் கூடவே வரும் என்று வாசிக்கலாம். கார்டு சுமார் 7 x 12 செ.மீ. இருப்பதால், இதற்கு 40 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உள்ள துணி வேண்டும்.

உறவுக் கேள்விகளுக்கு "அவர் மனதில் என்ன இருக்கிறது?" என்ற இடத்தை எடுத்துவிடுவது நல்லது. சரிபார்க்க வழியில்லாத பதில் அது. "அவர் நடந்துகொள்வதில் கண்ணுக்குத் தெரிவது என்ன?" என்று கேட்டால் பேச ஏதாவது இருக்கும்.

கோர்ட் கார்டுகள்தான் (பேஜ், நைட், குயின், கிங் என்ற ஆள் படங்கள்) பெரிய தலைவலி. 78-ல் 16, அதாவது ஐந்தில் ஒன்று. ஐந்து கார்டு எடுத்தால் குறைந்தது ஒரு கோர்ட் கார்டாவது வர நூற்றுக்கு 69 வாய்ப்பு. "அடுத்து என்ன செய்வது?" என்ற இடத்தில் குயின் ஆஃப் பென்டகிள்ஸ் வந்தால், அவளைப் போல நடக்கச் சொல்கிறதா, அப்படி ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்கிறதா? தீர்வு, கட்டை மூன்றாகப் பிரிப்பது. மேஜர் அர்கானா (டவர், சன் போன்ற தனிப் படங்கள்) 22, ஏஸ் முதல் டென் வரை 40, கோர்ட் 16. "ஏன்" இடத்துக்கு முதல் குவியல், "என்ன செய்ய" இடத்துக்கு இரண்டாவது, "யார்" இடத்துக்கு மூன்றாவது. பதில் சட்டென்று தெளியும். இழப்பும் உண்டு: மேஜர் எத்தனை விழுந்தது என்று எண்ணிக் கேள்வியின் கனத்தைப் பார்க்கும் வழி அடைபட்டுப்போகும். அதனால் பெரிய கேள்விகளுக்கு முழுக் கட்டே மேல்.

"எப்போது?" என்பதற்கு கோல்டன் டான் என்ற ஆங்கிலேய மறைஞானக் குழுவின் பகுப்பு உதவும். டூ முதல் டென் வரையிலான 36 கார்டுகளும் ராசிச் சக்கரத்தின் பத்துப் பத்துப் பாகைகள். நம் ஜோதிடத்தில் திரேக்காணம் என்கிறோமே, அதே அளவு. அந்த 36-ஐ மட்டும் கலைத்து ஒன்று எடுத்தால் ஏறத்தாழ பத்து நாள் கிடைக்கும். டூ ஆஃப் வாண்ட்ஸ் மேஷத்தின் முதல் பத்துப் பாகை. ஆனால் புழக்கத்தில் உள்ள டாரோ கணக்கு சாயனம், அதாவது பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளிலிருந்து ராசிகளை எண்ணுவது. மேஷம் மார்ச் 21 வாக்கில் பிறந்துவிடும். நம் பஞ்சாங்கம் நிராயணம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. சித்திரை பிறப்பது ஏப்ரல் 14 வாக்கில். இரண்டையும் கலந்தால் 24 நாள் தள்ளிப்போகும். எதைப் பின்பற்றுவது என்று முதலிலேயே தீர்மானித்து, மாற்றாமல் இருக்க வேண்டும்.

ஆமாம்-இல்லை ஸ்ப்ரெட்கள் நிற்கவில்லை. நேராக வந்தால் ஆமாம், தலைகீழாக வந்தால் இல்லை என்று மூன்று கார்டு எடுப்பது பரவலான முறை. புதுக் கட்டில் எல்லாக் கார்டும் ஒரே திசையில் இருக்கும். கையில் வைத்து எவ்வளவு கலைத்தாலும் திசை மாறாது. ஆகவே பதில் எப்போதும் ஆமாம் பக்கமே சாயும். ஒவ்வொரு முறையும் பாதிக் கட்டைத் திருப்பிச் சேர்த்தோ, மேசையில் பரப்பித் துழாவியோ கலைத்தால் சாய்வு போகும். அப்புறம் அது நாணயம் சுண்டுவதுதான், 78 படங்கள் எதற்கு? இந்தக் கேள்விகளை "ஆமாம் என்றால் எதற்குத் தயாராக வேண்டும், இல்லை என்றால் எதற்கு?" என்று இரண்டு கார்டாக்குவது மேல்.

ஒரு ஸ்ப்ரெட்டில் அதே இடத்துக்கு அடிக்கடி துணைக் கார்டு (பதில் விளங்காதபோது கூடுதலாக எடுப்பது) எடுக்க வேண்டியிருந்தால், கட்டைக் குறை சொல்ல வேண்டாம். அந்த இடத்தின் கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். திருத்தம் கார்டு எடுப்பதற்கு முன்பே, நோட்டில், தேதியோடு. எடுத்தபின் இடத்தின் பெயரை மாற்றினால் எந்தக் கார்டும் எதற்கும் பொருந்திவிடும்.